எழுபத்திரண்டு ரூபாய்ப் பேச்சுக் குழாய்

1961 ஆக இருக்க வேண்டும். நயா பைசா வந்து நாலு வருஷமாகியும் திண்டுக்கல் கடைத்தெருவில் பாதிப் பேர் அணாக் கணக்கிலேயே பேரம் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம். எங்கள் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். அத்தா, இரண்டு அண்ணன்மார், நான் என்று நாலு பேரும் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு தோல் ஷாப் நடத்தினோம். பதனிடுகிற வேலை அண்ணன்மார் பொறுப்பு. ஊர் ஊராகப் போய்ப் பச்சைத் தோல் வாங்கி வருவது என் பொறுப்பு. அதற்குத்தான் என்று சொல்லி அத்தாவிடம் ஆறு மாதம் மன்றாடி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

யுத்தத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, மூன்று கை மாறி என்னிடம் வந்த சீமை வண்டி அது. அதை உதைத்துக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. பத்து உதை, பதினைந்து உதை ஆகும். சில நாள் எதிர் உதை விட்டு ஆளையே தள்ளிவிடும். கிளம்பிவிட்டால் அப்புறம் ராஜாதான். அதனால் ஒரு தடவை கிளப்பினால் போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்கவே மாட்டேன். வழியில் டீ குடிக்க நின்றாலும் பக்கத்தில் வண்டி படபடவென்று அதிர்ந்துகொண்டுதான் நிற்கும். டீக்கடைக்காரர் காசைக்கூட விரல் காட்டித்தான் கேட்பார்.

என் மனைவிக்குப் பிறந்த வீடு நிலக்கோட்டை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் உட்கார வைத்து அங்கே போய்வருவேன். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளில் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். அதில் அவளைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பம். பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கிடையாது. சாப்பாடு போடும்போது 'இன்னும் செத்த வெஞ்சனம் வைக்கவா' என்று அவள் என் அம்மாவைப் பார்த்துக் கேட்பாள். நான் அண்ணனைப் பார்த்துப் 'போதும்' என்பேன். ராத்திரி அறைக்கு வந்தால் நான் தலையணையில் தலை வைத்த அடுத்த நிமிஷம் குறட்டை. அலைச்சல் அப்படி. ஆக, நாங்கள் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு தனியாக இருந்தது வண்டியில் மட்டும்தான். வண்டியிலோ அந்தச் சத்தம். பின்னாலிருந்து அவ்வப்போது ஏதோ குரல் வரும். 'மெதுவாப் போங்க' என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையை ஆட்டிவிடுவேன். அவள் அடக்கமானவள், அதிகம் வாய் திறக்காதவள் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன். குடுத்து வச்சவன்ப்பா நீ என்பார்கள்.

அது பங்குனி மாசம். நிலக்கோட்டையில் மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமியார் வீட்டில் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். கேரியரில் ஒரு மூட்டை தேங்காய், ஹேண்டில்பாரில் மல்லிகைப் பூப் பொட்டலம். அவள் மடியில் துணியில் கட்டிய ஒரு பூசணிக்காய். சின்னக் காய் இல்லை, ஒரு ஆறு மாசக் குழந்தை கனம் இருக்கும்.

கொடைரோடு பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற பாடாக இல்லை. நான் வழக்கம்போல எஞ்சினை அணைக்காமல் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது. இறங்கி, பூசணிக்காயைத் தன் சீட்டில் வைத்து, துணி முடிச்சைக் கேரியர் கம்பியில் மாட்டிவிட்டு, கேட்காரர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போயிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அப்போது என் கண் முழுக்க முன்னால் நின்ற லாரியில்தான் இருந்தது. அதில் நிறைய ஆட்டுத்தோல். யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, எனக்குத் தெரியாமல் எப்படி வாங்கினான் என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். ரயில் போய், கேட் திறந்தது. "ஏறிட்டியா புள்ள?" என்று கேட்டேன். முதுகில் பூசணிக்காய் இடித்தது. சரி, ஏறிவிட்டாள் என்று கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து திண்டுக்கல் பதினைந்து மைல். அம்பாத்துரை தாண்டி, சின்னாளபட்டி தாண்டி வந்தேன். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன் என்பதுதான் வேடிக்கை. அந்த லாரிக்காரனைத் திட்டினேன். உப்பு விலை ஏறிப்போனதைச் சொன்னேன். நடுநடுவே "நீ என்ன சொல்றே?" என்றுகூடக் கேட்டேன். பூசணிக்காய் மறுப்பே சொல்லவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை அணைத்து இறங்கினேன். அம்மா வெளியே வந்தாள்.

"ஏலே, அவ எங்கடா?"

"இந்தா, பின்னாடி" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

அம்மா பின்னால் போய்ப் பார்த்தாள். "பூசணிக்காதான்டா இருக்கு" என்றாள்.

எங்கே விழுந்தாள், எத்தனை மைலுக்கு முன்னால் விழுந்தாள், பின்னால் லாரி ஏதும் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. வண்டியை உதைத்தேன். அன்றைக்கென்று பார்த்து இருபது உதைக்கும் அசையவில்லை. தெருவே கூடிவிட்டது. யாரோ நாலு பேர் தள்ளிவிட்டுக் கிளப்பிக் கொடுத்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனேன். வெள்ளையாக ஏதாவது கண்ணில் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு இடத்தில் வரப்பில் காயப்போட்ட வேட்டியைப் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கேட்டுக்கு வந்ததும் கேட்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூசணிக்காயக் கூட்டிட்டுப் போனவுக நீங்கதானா? அவுக பஸ்ஸுல போயிட்டாகளே. தோட்டத்துக்காரம்மா ஒருத்தவுக கத்திரிக்காக் கூடையோட திண்டுக்கல்லுக்குப் போனாக. அவுகதான் டிக்கெட்டு எடுத்துக் கூட்டிட்டுப் போனாக" என்றார். அப்போதுதான் மூச்சே வந்தது. அந்தத் தோட்டத்துக்காரம்மா யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. கையில் காலணா இல்லாமல் நடுரோட்டில் நின்ற பெண்ணை, யார் என்ன என்று விசாரிக்காமல் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிவந்து எங்கள் தெருமுனையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் பஸ்ஸைக் கவனிக்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போனதால் வழியில் எதிரும் புதிருமாகக் கடந்திருக்கிறோம்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அடுப்படியில் அந்தப் பூசணிக்காயை அரிந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சண்டை இல்லை, அழுகை இல்லை. அன்று ராத்திரி அறையில் "ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "இல்லையே" என்றாள். அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என்னால் தெருவிலேயே மறைக்க முடியவில்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "மாமியார் வீட்டுல காய் நல்லாருக்காங்களா?" என்று விசாரித்தார்கள். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், பின்னால் ரெண்டு பேர் சிரிப்பார்கள். அத்தா சிரிக்கவில்லை. "வண்டிய வித்துரு. இல்லேன்னா அந்தப் புள்ளய இனிமே அதுல ஏத்தாத. பின்னாடி ஆளு இருக்கா இல்லையான்னே தெரியலேன்னா என்னத்துக்கு அந்த வண்டி?" என்றார்.

எனக்கு வண்டியை விற்க மனசில்லை. அவளை ஏற்றாமல் இருக்கவும் மனசில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக்கிடம் போய்ப் புலம்பினேன். அவர் யுத்தத்தின்போது விமானப் பட்டறையில் வேலை பார்த்தவர்.

"இது ஒரு விசயமா அப்பு? வெள்ளைக்காரன் பிளேன் ஓட்டிப் பழகுறப்ப முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன் உக்காந்திருப்பான். எஞ்சின் சத்தம் உங்க வண்டியப் போல பத்து மடங்கு. நடுவுல ரப்பர் குழாய் ஓடும். இங்கன பேசுனா அங்கன காதுல கேக்கும். தொப்பியிலயே மாட்டிருப்பான். முப்பது ரூபாயில முடிச்சுத் தாரேன்" என்றார்.

முப்பது ரூபாய் என்பது மெக்கானிக் பேச்சு. முதலில் சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயாக ஒட்டினார். வளைகிற இடத்தில் எல்லாம் அது மடிந்துகொண்டது. பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி கேட்டது. பிறகு மருந்துக்கடையில் அடிக்கணக்கில் சிவப்பு ரப்பர் குழாய் வாங்கினோம். காதில் மாட்டுவதற்கு ஒரு டாக்டரின் கம்பவுண்டரிடம் பழைய ஸ்டெதாஸ்கோப் இரண்டு கிடைத்தது. இரண்டுமே உதவாது என்று போட்டுவைத்தவை, ஆனால் எனக்குத் தேவை என்று தெரிந்ததும் விலை ஏறிவிட்டது. வாயில் வைத்துப் பேசத் தகரத்தில் புனல் செய்தோம். வண்டி அதிர்ச்சியில் அது கடகடவென்று ஆடியது. கடைசியில் பூட்டு வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் பித்தளையில் வார்த்து வாங்கினோம். இரண்டு குழாய் கூடுகிற இணைப்பையும் அவரே செய்தார். அவர் எதைச் செய்தாலும் பூட்டு கனத்துக்குத்தான் செய்வார். எனக்குத் தொப்பி எங்கள் ஷாப்புத் தோலிலேயே, காது மூடுகிற மடிப்போடு தைத்தது. தோல் சொந்தம் என்றாலும் தையற்கூலி சொந்தமில்லையே.

எல்லாம் முடிந்தபோது எழுபத்திரண்டு ரூபாய் ஆகியிருந்தது. வீட்டில் நாற்பது என்று சொல்லிவைத்தேன். நாற்பதுக்கே பெரிய அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். நிலக்கோட்டை வரை போக அத்தா அனுமதி தரவில்லை. தாடிக்கொம்பு வரை போய்த் திரும்பச் சொன்னார். தலையில் தோல் தொப்பி, கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் குழாய், வாய்க்கு முன்னால் பித்தளைப் புனல் என்று நான் வாசலில் வந்து நின்றபோது தெருவில் ஒரு ஆடு மிரண்டு ஓடியது. அவளுக்குக் காதில் மாட்டுகிற பாகத்தைத் துப்பட்டிக்குள் மாட்டிவிட்டாள் அம்மா. வெளியே தெரிந்தது புனல் மட்டும்தான். "டாக்டரம்மா கெளம்பிட்டாக" என்று பெரிய அண்ணன் சம்சாரம், என் மதினி, சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஊரைத் தாண்டியதும் கேட்டேன். "கேக்குதா?"

"கேக்குது." காதுக்குள்ளேயே உட்கார்ந்து சொல்வது போல அவ்வளவு தெளிவு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெக்கானிக்குக்குக் கூடவே ரெண்டு ரூபாய் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"ஏதாச்சும் பேசு புள்ள."

ஒரு வளைவு தாண்டினோம். பிறகு, "இதுக்கு எம்புட்டு ஆச்சு?" என்றாள்.

"வீட்டுல சொல்லிராத. எழுபத்திரண்டு."

"அம்மாடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சருக்கு ஒரு மாசச் சம்பளமே அம்புட்டு இல்ல" என்றாள்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

குழாய் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"எந்தப் பள்ளிக்கூடத்தச் சொல்றே?"

"நீங்க சரின்னு தலையாட்டுனீங்களே, அந்தப் பள்ளிக்கூடம்."

"நானா? எப்ப?"

"நெலக்கோட்டை போறப்ப. மார்கழியில. ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் தலையாட்டுனீங்க."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். நடுவழியில் நானாக அந்த எஞ்சினை அணைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு சோளக்காட்டு ஓரம். திடீரென்று அவ்வளவு அமைதி. தூரத்தில் கமலை இறைக்கிற சத்தம்கூடக் கேட்டது. எழுபத்திரண்டு ரூபாய்க் குழாயைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, நானும் அவளும் மைல்கல் பக்கத்தில் நின்று பேசினோம்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அது எனக்குத் தெரியும், பெண் பார்க்கும்போது சொன்னார்கள். சொன்னதோடு சரி. அந்த வருஷம் எங்கள் ஜமாஅத்துப் பெரியவர்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஆரம்பப் பள்ளி நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பெண் டீச்சர் தேடியிருக்கிறார்கள். அவளுக்கு அதில் சேர வேண்டும் என்று ஆசை. வீட்டில் என்னிடம் பேச வழியில்லை. அதனால் வண்டியில் கேட்டிருக்கிறாள். நான் தலையாட்டியிருக்கிறேன். புருஷன் சம்மதித்துவிட்டார் என்று நம்பி, மதினி மூலமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அடுத்து நடந்தது எனக்கே ஞாபகம் இருந்தது. ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தா கேட்டார், ஒம் பொண்டாட்டி டீச்சர் வேலைக்குப் போகப் போறாளாமே என்று. நான் வாயில் சோற்றோடு சிரித்தேன். "யாரு சொன்னா? நம்ம வீட்டுப் பொம்பளைக்கு வேலையா? யாரோ கெளப்பி விட்டுருக்காய்ங்க" என்றேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் கையில் குழம்புச் சட்டியோடு நின்றிருக்கிறாள். மறுநாளே ஆள் அனுப்பிப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அது மட்டுமில்லை. அவள் தங்கச்சி பிரசவத்துக்குப் பத்து நாள் போய் இருக்கக் கேட்டது, அவள் அம்மாவுக்குக் கண் காட்ட மதுரைக்குக் கூட்டிப் போகக் கேட்டது, எல்லாம் வண்டியில்தான். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

"ரோட்டுல ஒரு மனுசன், வீட்டுல ஒரு மனுசன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். "அதான் அப்புறம் கேக்குறத விட்டுட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஏ புள்ள, எனக்கு ஒண்ணுமே கேக்கல. சத்தியமாக் கேக்கல. ரோடு தூக்கிப்போட்டு ஆடுன தலை, நீ மெதுவாப் போகச் சொல்றியோன்னு ஆடுன தலை" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று வருஷம் குடித்தனம் நடத்திய இரண்டு பேர், சாலையோரம் நின்று, முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அன்னைக்கு ரயில் கேட்டுல தொண்டை கிழியக் கத்தியிருப்பே, அதுவும் எனக்குக் கேக்கல பாரு" என்றேன்.

அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள். "நான் கூப்பிடவே இல்லைங்க. நீங்க கெளம்புறத பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கூப்பிட்டா மட்டும் திரும்பவா போறாருன்னு தோணுச்சு" என்றாள்.

வண்டியைத் திருப்பி வைத்து உதைத்தேன். தாடிக்கொம்பு போகாமலே வீடு திரும்பினோம்.

அன்று மதியம் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, அண்ணனைப் பார்க்காமல் நேராகக் கதவுப் பக்கம் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயி ஒனக்கு வேல கேக்கப் போறேன், நீயும் வா" என்றேன். சின்ன அண்ணனுக்குப் புரையேறியது. அத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அன்னைக்கு வேற மாதிரிச் சொன்னியே" என்றார். "அன்னைக்குக் காது கேக்கல அத்தா" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த வேலை போயிருந்தது. வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சரை அமர்த்திவிட்டார்கள். மேனேஜராக இருந்த பெரியவர் வருத்தப்பட்டார். "இன்னும் இருவது புள்ளைங்க சேந்தா ரெண்டாவது டீச்சர் போடலாம். ஆனா யாரு அனுப்புறாக?" என்றார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு ஐந்து வாரம் இருந்தது. அவள் 'பரவாயில்லை' என்று எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. இருபது பிள்ளைகளை நான் பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பச்சைத்தோல் பிடிக்கிற வாய், வேறென்ன சொல்லும்.

அப்புறம்தான் அந்தக் குழாய் உண்மையாக வேலை செய்தது. தினம் மாலை அஸர் தொழுகை முடிந்து இரண்டு பேரும் வண்டியில் கிளம்புவோம். பெண்பிள்ளை உள்ள வீடாகப் பார்த்து நிற்போம். அவள் உள்ளே பெண்களிடம் போவாள். நான் வெளியே ஆண்களிடம் உட்காருவேன். திரும்பி வந்து வண்டியில் ஏறியதும் குழாயில் எல்லாம் வந்துவிடும். "அந்த வீட்டுல அம்மாவுக்குச் சம்மதம், பாட்டனாருதான் தடை. நாளைக்கு அவருகிட்ட பேசுங்க." அடுத்த வீட்டுக்குப் போவதற்குள், "இவரு பொண்ணு மேல உசிரா இருக்காரு. அந்தப் புள்ள லெட்டர் எழுதுனா எப்படி இருக்கும்னு கேளுங்க, உருகிருவாரு" என்பாள். நான் அப்படியே போய்ச் சொல்வேன். உருகிவிடுவார்கள். இவ்வளவு சாமர்த்தியமான ஒருத்தியை மூன்று வருஷம் பூசணிக்காய் மாதிரி பின்னால் வைத்து ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மே மாசக் கடைசியில் பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். இருபதாவது கிடைக்கவில்லை. ஏறாத வாசல் இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில் குழாயில் அவள் குரல் மெதுவாக வந்தது. "நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கே."

பெரிய அண்ணன் மகள். ஏழு வயது. ஊரெல்லாம் உபதேசம் செய்த எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வாயெடுத்திருப்பேனா என்பது சந்தேகம். அடுத்த வீட்டில் பேசுவது சுலபம். அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் கேட்டுவிட்டு, அத்தாவைப் பார்த்தார். அத்தா, "அங்கன யாரு பாத்துக்குவா?" என்றார். உள்ளேயிருந்து மதினி, இதுவரை அத்தா காதில் விழப் பேசியே அறியாத மதினி, கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். "சின்னம்மாதான மாமா டீச்சரு. அவ பாத்துக்குவா."

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஒரு வண்டியில் மூன்று பேர் போனோம். பிள்ளை நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காதுக்கு என் தொப்பிக் குழாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வந்தது. என் மனைவி அந்தப் பள்ளியில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டைத்துணியும், அம்மாவுக்கு ஒரு சேலையும் வாங்கினாள். மிச்சத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ரப்பர் குழாய் அடுத்த கோடை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மெக்கானிக் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அவள் பின்னாலிருந்து என் தோளை ஒரு தட்டுத் தட்டினால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, என்னவென்று கேட்டுவிட்டு, மறுபடி பதினைந்து உதை உதைத்துக் கிளப்புவது என்று பழகிக்கொண்டேன். கால் வீங்கியது, ஆனால் அதற்குச் செலவில்லை.

பேரன் பேத்திகள் இப்போதும் பூசணிக்காய்க் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அவர்களிடம் நான் சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்றைத்தான். அவளை ரயில் கேட்டில் விட்டுவிட்டு வந்ததை மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கூப்பிட்டாலும் இந்த மனுஷன் திரும்பமாட்டான் என்று அவளை நினைக்க வைத்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை என்பது, இந்த வயதிலும், அவள் அடுத்த அறையிலிருந்து 'ஏங்க' என்று ஒரு குரல் கொடுக்கும்போதெல்லாம், எழுந்து போவதற்குள் என் நெஞ்சில் ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போகிறது.